மீன்பெட்டியில் இன்சுலின்

என் மூத்த சகோதரியான ராத்தாவின் பிரிஜ்ஜில் அந்த நாட்களில் கோதுமை மாவும் பருப்பும் பிஸ்கட் டின்களும் இருந்தன. மின்கட்டணம் ஏறிய பிறகு, ராத்தாவின் கணவரான மச்சான் அதன் வயரைக் கழற்றிச் சுருட்டி மேலே வைத்துவிட்டார். கதவு இறுக்கமாக மூடுவதால் எறும்பு வராது, எலி வராது, அலுமாரியை விட நல்லது என்பது அவருடைய கட்சி. அந்தக் குசினியின் ஜன்னலைத் திறந்தால் தென்னைகளுக்கு மேலாக நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதைப் பார்ப்பது எங்களுக்கு இலவசம். மின்சாரத்துக்கு மற்ற ஊர்க்காரர்களைப் போலவே நாங்களும் காசு கட்டினோம்.

ராத்தாவின் காலுக்கு நேர்ந்ததன் காரணத்தைத் தேடிப் போகும்போதெல்லாம் நான் அந்த மாவு நிறைந்த பிரிஜ்ஜின் முன்னால்தான் போய் நிற்கிறேன். அதற்கும் முன்னால் இன்னொரு பிரிஜ் இருந்தது.

ராத்தாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போட வேண்டும். மருந்து அரசாங்கத்தினுடையது, காசு கட்டத் தேவையில்லை. அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய டிஸ்பென்சரி உண்டு. அங்கிருந்த பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் ஊரில் ஊசி போடுகிற எல்லோருடைய குப்பிகளும் இருக்கும். எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்று அழைக்கப்படும் தாதி, ஒவ்வொரு குப்பியிலும் பிளாஸ்டர் துண்டை ஒட்டி, அதில் அவரவர் பெயரை எழுதி வைத்திருப்பார். பெண்கள் வந்து, ஊசியைப் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை முழுவதையும் கதைத்து முடித்துவிட்டுத்தான் கலைவார்கள். ஒருத்தி வரவில்லையென்றால் மிஸ்ஸி ஆள் அனுப்பிக் கேட்பார். இதை யாரும் சுகாதாரத் திட்டம் என்று அழைத்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அது இல்லாமற் போனபோது எதுவும் நின்றுபோனதாக எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

மருந்துச் செலவைக் கட்டுப்படுத்தும் சீர்திருத்தம் ஒன்று வந்தது. டிஸ்பென்சரியின் பிரிஜ் இனித் தடுப்பூசிகளுக்கு மட்டும். இன்சுலின் பட்டணத்து ஆஸ்பத்திரியின் கிளினிக்கில்தான் கிடைக்கும். அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு மட்டும். மருந்து வீணாவதைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். நான் பத்திரிகை வாசிக்கிறவள். நாட்டில் டொலர் இல்லாமற் போனதையும், ஆஸ்பத்திரிகளில் சாதாரண மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்ததையும் நான் அறிந்திருந்தேன். மாதக்கணக்கில் வாங்கிய மருந்து வீடுகளில் காலாவதியாகிக் கிடந்ததும் உண்மைதான். ஆகவே முதலில் அந்த ஏற்பாட்டை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு செங்கல்லும் நியாயமானதாக இருக்க, கட்டி முடித்த வீட்டில் குடியிருக்க முடியாமல் இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

இரண்டு கிழமைக்கு ஒருமுறை ராத்தாவும் நானும் பட்டணத்துக்குப் போனோம். வீட்டிலிருந்து பஸ் பாதை வரைக்கும் ஓட்டோ, பிறகு பாலாவிச் சந்தி வழியாக பஸ், பிறகு மறுபடியும் ஓட்டோ. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதாலும் எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதாலும் கூடப் போகிற பொறுப்பு என்னுடையதானது. இலவச மருந்தை வாங்கப் போகும் செலவில் அதே மருந்தை வெளியில் வாங்கிவிடலாமோ என்று பஸ்ஸில் ஒவ்வொரு தடவையும் யோசித்தேன். அதுவும் முடியாது என்பது பிறகு தெரிந்தது. விலைக்கட்டுப்பாடு இருந்த குப்பி எந்தப் பாமசியிலும் இருக்கவில்லை. கட்டுப்பாடு இல்லாத இன்சுலின் பேனா ஊசி எல்லாப் பாமசியிலும் இருந்தது.

முதல் நாள், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் இருந்தவர் குப்பிகளை நீட்டியபடியே, குளிரில் வைக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். பின்னால் வரிசை முற்றத்து மதில் வரைக்கும் நின்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரமில்லை.

"குளிரில வைக்கணுமாம் ராத்தா," என்றேன்.

அன்று மாலை இதைக் கேட்ட மச்சான் சிரித்தார். "குளிர்தானே? அதை எனக்கி ஒருத்தன் படிப்பிக்கணுமா? பிரிஜ்ஜைப் போட்டு கரண்ட்காரனுக்குக் குடுக்கிறதை விட என்ட வாடியில கிடக்கிற ஐஸ் போதும். கொழும்பு போய்ச் சேரும்வரைக்கும் அறக்குளா மீன் கண் கலங்காம இரிக்கு. இந்தச் சின்னக் குப்பிக்கு என்ன?"

மச்சானின் தொழில் மீன். படகுகளில் வருவதை வாடி என்கிற கரையோரக் கொட்டிலில் ஏலத்தில் எடுத்து, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளில் ஐஸ் போட்டு லொறியில் கொழும்புக்கு அனுப்புவார். உடைத்த ஐஸை ஒரு அடுக்கு, மீனை ஒரு அடுக்கு, அதன் மேல் கைநிறையக் கல்லுப்பு. உப்புப் போட்டால் ஐஸின் குளிர் கடுமையாகும். மீன் விறைத்துக் கட்டையாக நிற்கும். உப்பளங்களுக்குப் பக்கத்தில் பிறந்த எல்லா மீன்காரர்களுக்கும் தெரிந்த சங்கதி இது. மச்சான் ராத்தாவின் குப்பிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஷொப்பிங் பையால் சுற்றி, தனக்கென வைத்திருந்த ஒரு பெட்டியின் நடுவில் புதைத்தார். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் வாடிக்குப் போய், அன்றைக்குரிய குப்பியை எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மேசையில் ஒரு கோப்பைக்குள் வைப்பார். ராத்தா குர்ஆன் ஓதி முடித்து எழும்புவதற்குள் அது ஊசியில் இழுக்கிற பதத்துக்கு வந்திருக்கும். மாலை ஊசி முடிந்ததும் குப்பி மறுபடியும் வாடிக்குப் போகும். மழை, காய்ச்சல், பெருநாள் எதுவும் அவரைத் தடுக்கவில்லை. ராத்தாவிடம் அவர் ஒரு அன்பான வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கோப்பையை மேசையில் வைக்கும்போது மட்டும் சத்தம் வராமல் வைப்பார்.

சில மாதங்களில் ராத்தாவின் சீனி ஏறத் தொடங்கியது.

கிளினிக்கில் இருந்த டொக்டர் மிகவும் இளையவர். கண்களுக்குக் கீழே கருமை. அவருக்கு முன்னால் கிளினிக் கொப்பிகள் ஒரு கோபுரமாக இருந்தன. ராத்தாவின் கொப்பியைத் திறந்து இலக்கத்தைப் பார்த்தவர், பேனையை வைத்துவிட்டு, "அம்மா, உண்மையைச் சொல்லுங்கள், என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மனம் நோகும் அளவுக்கு ராத்தாவுக்குச் சிங்களம் தெரியும். என் பக்கம் திரும்பினார். "பெருநாளைக்கு வட்டிலாப்பத்தை எல்லாருக்கும் வெட்டிக் குடுத்துட்டு கத்தியைக் கழுவப் போனன் எண்டு சொல்லு. கத்தியைக் கூட நக்கல்ல."

நான் அதைக் கொஞ்சம் மரியாதையாக மொழிபெயர்த்தேன். டொக்டர் களைப்போடு புன்னகைத்தார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார்.

அளவு கூடியதும் குப்பி இரண்டு கிழமைக்குப் போதவில்லை. ஜன்னலில் கேட்டால், திகதி வரும்வரை கொடுக்க முடியாது என்றார்கள். அளவுக்கு மேல் மருந்து எடுப்பவர்களைத் தனியாகக் கவனிக்கும்படி மேலிடத்து உத்தரவாம். பொய் சொல்லிச் சீனி தின்கிறவள் என்ற பெயர் ஏற்கனவே இருந்தது. அதோடு மருந்தை வீணாக்குகிறவள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை மச்சான் வெளியில் பேனா ஊசி வாங்கிக்கொண்டு வந்தார். விலை கூடிய சாமான் என்பதால் அதைப் பெட்டியின் அடியாழத்தில் வைத்தார். அதற்கும் சீனி இறங்கவில்லை.

பிரச்சினை மருந்தில்தான் என்று எங்களுக்கெல்லாம் உறுதியாகிவிட்டது. அப்படி நினைக்க நல்ல காரணமும் இருந்தது. யார் குறைந்த விலை கேட்டாரோ அவரிடம் வாங்குவது என்ற முறையில் ஒவ்வொரு தடவையும் வேறொரு கம்பனியின் குப்பி வந்தது. ஒரு மாதம் பச்சை மூடி, இன்னொரு மாதம் செம்மஞ்சள் மூடி, எழுத்து வேறு, குப்பியின் உயரம் வேறு. அது பால் போல வெண்மையாக இருக்கும் மருந்து. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக் கலக்க வேண்டும் என்று மிஸ்ஸி முன்பு பழக்கியிருந்தார். ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு உருட்டுவார். இப்போது குப்பியின் உட்புறத்தில் தயிர்த்துகள் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "புதுக் கம்பனிக்காரன்ட மருந்து இப்பிடித்தான் போல," என்று இன்னும் கொஞ்சம் உருட்டுவார். பழைய மருந்து எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க எந்த மருந்தும் பழையதாகும் வரைக்கும் எங்களிடம் நிற்கவில்லை.

கிளினிக் வரிசையில் நின்ற ஒரு நாளில்தான் கால் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். செருப்புக்குள் ஒரு சிப்பித்துண்டு கிடந்திருக்கிறது. சீனி கூடியவர்களின் பாதத்துக்கு உணர்ச்சி குறைவு. விடியற்காலை போட்ட செருப்பை பின்னேரம் அஸர் தொழுகைக்கு வீட்டுக்கு வந்து கழற்றும்வரை அவருக்குத் தெரியவில்லை. வலது காலின் பெருவிரலுக்கு அடியில் சிறிய வெட்டு. அது ஆறவில்லை. பிறகு விரலின் ஓரம் நிறம் மாறியது.

சத்திரசிகிச்சை டொக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். சீனி இறங்கினால் விரலைக் காப்பாற்றப் பார்க்கலாம். இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும். அதோடு நிற்கும் என்றும் தன்னால் உறுதி சொல்ல முடியாது.

பஸ்ஸில் வரும்போது ராத்தா குனிந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலாவி தாண்டியதும், "தொழுகையில சுஜூதுல நெத்தியோட கால்விரலும் நிலத்துல ஊண்டணுமே," என்றார்.

"இல்லாதவங்களுக்கு அல்லாஹ் அதைக் கேக்கமாட்டான் ராத்தா."

"அவன் கேக்கமாட்டான். எனக்கித்தான் சரியா வராது."

அந்தக் கிழமை நான் ஒரு முறைப்பாடு எழுதினேன். மூன்று பக்கம். மலிவு மருந்தை வாங்கி ஏழைகளின் உடம்பில் பரீட்சை பார்ப்பதாக, நான் வாழ்நாளில் சேர்த்து வைத்த நல்ல தமிழையெல்லாம் போட்டு எழுதினேன். சிங்களத்திலும் ஒரு பிரதி செய்தேன். அடுத்த கிளினிக் நாளில் நேரே கையளிப்பதாக இருந்தேன்.

அந்தக் கிளினிக் நாளில் ராத்தாவை அழைத்துப் போக முதல்நாளே அவர் வீட்டுக்கு வந்து தங்கினேன். காலையில் மச்சான் வரப் பிந்தியது. ஏலம் சூடுபிடித்திருக்கும், நீ போய் மருந்தை எடுத்துக்கொண்டு வா என்று ராத்தா என்னை அனுப்பினார். நான் வாடிக்குப் போனேன். மச்சான் ஏலத்தை விட்டு ஓடி வந்து, பெட்டியைத் திறந்து, ஐஸைக் கையால் விலக்கி, டப்பாவை எடுத்து, குப்பியை என் உள்ளங்கையில் வைத்தார்.

அது கல்லாக இருந்தது. சரித்துப் பார்த்தேன், உள்ளே எதுவும் அசையவில்லை. வெள்ளை உறைந்து குப்பியின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், இது கட்டியா இரிக்கே."

"ஓம், நல்ல குளிர்," என்றார் பெருமையாக. "எந்த ஆஸ்பத்திரிப் பிரிஜ்ஜில இப்பிடிக் குளிர் இரிக்கும், சொல்லுங்க டீச்சர். வீட்ட போறதுக்குள்ள இளகிப்போகும். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்."

நான் அங்கேயே நின்று டிஸ்பென்சரி மிஸ்ஸியைப் போனில் அழைத்தேன். ஊருக்குள் வேலை செய்து அவர் எங்கள் தமிழை நன்றாகப் பழகியிருந்தார். ஐஸ் பெட்டியையும் உப்பையும் சொன்னேன். "குளிரில எண்டா பிரிஜ் கீழ்த்தட்டுக் குளிர், டீச்சர். ஒருக்கா உறைஞ்சா அந்த மருந்து முடிஞ்சது. பிறகு தண்ணி குத்துற மாதிரித்தான்." பிறகு, மெதுவாக, "இங்க இருந்திருந்தா நான் பாத்திருப்பன்," என்றார்.

மச்சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியில் அவர் உட்கார்ந்தார். அப்பால் ஏலக்காரர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"எல்லா நாளுமா?" என்று கேட்டார்.

"ஓம் மச்சான்."

அவர் ஐஸின் மேல் கிடந்த உப்பைக் கையால் வழித்து மணலில் போடத் தொடங்கினார். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனால் நான் அவரைத் தடுக்கவில்லை.

என் மூன்று பக்க முறைப்பாடு கைப்பையிலேயே இருந்தது. அதில் எழுதியிருந்த மலிவுக் கம்பனி, பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. டொக்டர் குற்றம் செய்யவில்லை. ஜன்னலில் இருந்தவர் குளிரில் வைக்கச் சொன்னார், அது சரி. மச்சானுக்குத் தெரிந்த குளிரில் மச்சான் வைத்தார். கோபத்தை வைத்துக்கொள்ள ஒரு இடம் இல்லாமற் போவது எவ்வளவு எரிச்சலான காரியம் என்பதை அந்தப் பஸ் பயணத்தில் அறிந்தேன். பட்டணம் போய்ச் சேர்வதற்குள் அது தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது: ஒரு டிஸ்பென்சரியின் பிரிஜ், அதன் கீழ்த்தட்டு, பிளாஸ்டரில் எழுதிய ஒரு பெயர்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, உறையாத நல்ல மருந்து உள்ளே போனதும் ராத்தாவின் சீனி இறங்கியது. ஆனால் விரல் அதற்காகக் காத்திருக்கவில்லை. அதை எடுத்தார்கள். காலை எடுக்க வேண்டி வராததே பெரிய விஷயம் என்றார்கள், அது உண்மைதான்.

இதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாவேன்: அந்த ஆஸ்பத்திரியில் அவரை மிக நன்றாகப் பார்த்தார்கள். சத்திரசிகிச்சை இலவசம். கட்டில், மருந்து, தினமும் புண் கழுவிக் கட்டுவது, பத்தியச் சோறு, எல்லாம் இலவசம். வார்ட்டில் ஒரு தாதி தன் தாயின் காலைப் போல அந்தக் காலைப் பிடித்தார். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் நன்றியோடும் ஆத்திரத்தோடும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிரிஜ்ஜின் கீழ்த்தட்டைத் தர வழியில்லாத அரசாங்கத்துக்கு இதையெல்லாம் தர வழியிருந்தது.

மச்சான் முதல் இரண்டு நாளும் வார்ட் வாசலோடு திரும்பிப்போனார். பிறகு ஒரு நாள் உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டைப் பார்க்காமல் தலைமாட்டில் நின்றார். ராத்தா அவரை அளந்து பார்த்தார்.

"மீனைப் பாத்த மாதிரித்தான் என்னையும் பாத்தீங்க," என்றார். "மீன் கெடல்ல."

பக்கத்துக் கட்டில் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ராத்தா கொஞ்சம் நகர்ந்து கட்டிலில் அவருக்கு இடம் விட்டார்.

ராத்தா வீட்டுக்கு வந்த சில காலத்தின் பின் ஆஸ்பத்திரி மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. புதிய ஏற்பாட்டின் நன்மைகளைப் பொதுமக்களுக்கு விளக்க ஒரு அதிகாரி வந்திருந்தார். அமைதியான, படித்த மனிதர். தமிழ் பேசுவோருக்காக அவர் பேச்சை மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். இன்சுலின் செலவு குறைந்திருக்கிறது என்றார். நான் மொழிபெயர்த்தேன். வீண்விரயம் பெருமளவு நின்றுவிட்டது என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "மருந்துச் செலவு குறைஞ்சது சரிதான், எங்கட ஊர் ஓட்டோக்காரன் மாடி வீடு கட்டுறான் எண்டு சொல்லுங்க டீச்சர்," என்றாள். அதைச் சிங்களத்தில் சொன்னபோது அதிகாரியும் சிரித்தார்.

பிறகு என் சொந்தக் கேள்வியைக் கேட்டேன். நோயாளிகள் வந்து போகும் செலவை யாராவது கணக்கெடுத்தார்களா? ஒரு விரலை எடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்பும்வரை ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவை இந்தச் சேமிப்பிலிருந்து கழித்துப் பார்த்தார்களா? அவர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். போக்குவரத்து சுகாதாரத்தின் கீழ் வராது என்றார். சத்திரசிகிச்சை வேறொரு செலவுத் தலைப்பு. அதைத் தங்கள் பிரிவு பார்ப்பதில்லை. டிஸ்பென்சரியின் பிரிஜ் தடுப்பூசித் திட்டத்துக்குச் சொந்தமானது. அதற்கு அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். ஒரு பதிலிலும் பிழை இல்லை. நான் அவற்றை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

வீட்டுக்குப் போனபோது மச்சான் குசினித் தரையில் உட்கார்ந்திருந்தார். மாவையும் பருப்பையும் வெளியே எடுத்து, பிரிஜ்ஜைக் கழுவித் துடைத்து, வயரைக் குத்தியிருந்தார். அது பெரிய சத்தத்தோடு நடுங்கிக்கொண்டு வேலை செய்தது. அதுவரை பக்கத்து வீட்டுப் பிரிஜ்ஜில் வைத்திருந்த குப்பிகள் மட்டும் கீழ்த்தட்டில் இருந்தன. வேறொன்றையும் வைக்க அவர் விடவில்லை. தண்ணீர்ப் போத்தலைக் கூட. கரண்ட் பில்லை யாருக்கும் காட்டாமல் தானே போய்க் கட்டினார்.

ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார். இப்போது அந்தக் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். தொழுகைப்பாயை மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே விரிக்கிறார்.

கடந்த கிளினிக்கில் மறுபடியும் கம்பனி மாறியிருந்தது. இந்த முறை நீல மூடி. இன்னும் இரண்டு கிழமைக்குத்தான் தருகிறார்கள். டிஸ்பென்சரி பிரிஜ்ஜைப் பற்றி எந்தப் பிரிவிலிருந்தும் பதில் வரவில்லை. மறுநாள் காலை மச்சான் குப்பியை எடுத்து, கையில் வைத்துப் பார்த்து, ராத்தாவிடம் கொடுத்தார். ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். அடியில் இலேசாக ஏதோ மிதப்பது போல இருந்தது. அல்லது கண்ணாடியின் கோடாக இருக்கலாம்.

"இது இப்பிடித்தான் இரிக்கணுமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் குப்பியை வாங்கிப் பார்த்தேன். மச்சானும் எழும்பி வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ராத்தா குப்பியைத் திரும்ப வாங்கி, ஊசியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார். டிஸ்பென்சரி திறந்திருக்கும், நடந்து போய் மிஸ்ஸியிடம் காட்டிவிட்டு வருவோம் என்றார். அந்தக் காலோடு அது நீண்ட நடை. மூவரும் புறப்பட்டோம்.